சின்னத் தோட்டாவில் பன்றி வேட்டை: எது போதும், எது போதாது?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “ஆஸ்திரேலியாவில் பண்ணை வேலையில் இருக்கும் என் மச்சான், பள்ளி விடுமுறைக்கு வந்தால் காட்டுப்பன்றி வேட்டைக்குக் கூட்டிப்போகிறேன் என்கிறார். அவரிடம் .22 ரைபிளும் .223 ரைபிளும் இருக்கின்றன. இந்தச் சின்னத் தோட்டாக்களில் பன்றி துடிக்காமல் சாகுமா?”

.22-ஐ வீட்டிலேயே வைக்கச் சொல்லுங்கள். அது முயலுக்கானது. அதன் குண்டு சுமார் 40 கிரெயின், அதாவது 2.6 கிராம், ஆற்றல் ஏறக்குறைய 200 ஜூல்தான். .223-இன் குண்டும் கிட்டத்தட்ட அதே தடிமன், ஆனால் வேகம் இரண்டரை மடங்குக்கு மேல். ஆற்றல் சுமார் 1,700 ஜூல். நம் ஊர்க் கேளைமானின் இனமான மண்ட்ஜாக்குக்கே குறைந்தது 1,356 ஜூலும் 50 கிரெயின் குண்டும் வேண்டும் என்கிறது இங்கிலாந்துச் சட்டம். ஆகவே நடுத்தரப் பன்றிக்கு .223 போதும், கவனமாகச் சுட்டால். பெரிய ஆண் பன்றிக்கு அதைவிடப் பெரிய .243 ரைபிள் கிடைத்தால் அதை எடுங்கள்.

குண்டின் வகை முக்கியம். நரிக்கென்று செய்த மெல்லிய குண்டு தோளில் பட்டதும் சிதறி, மேல்காயத்தோடு நின்றுவிடும். முழு உலோக உறை போட்டதோ ஊசி மாதிரி துளைத்துப் போய்விடும். உறை பிரியாத மென்முனைக் குண்டு, அல்லது முழுச் செம்புக் குண்டு வாங்குங்கள்.

பன்றியின் இருதயம் நாம் நினைப்பதைவிடத் தாழ, முன்னங்கால்களுக்கு நடுவே இருக்கிறது. ஆண் பன்றிக்குத் தோளில் குருத்தெலும்பு போலத் தடித்த தோல் கவசம் வேறு. பக்கவாட்டில், லேசாக அந்தப்புறம் திரும்பி நிற்கும்வரை காத்திருங்கள். முன்னங்காலின் பின்விளிம்பை ஒட்டி, உடம்பின் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் குறி வையுங்கள்.

தலையில் சுட்டால் அங்கேயே விழும் என்று மச்சான் சொல்லலாம். கேட்காதீர்கள். மூளை சிறிது, தலையோ ஓயாமல் ஆடும். எனக்குப் பத்து வயது இருக்கும்; தோட்டத்தில் அப்பாவுக்குப் பசியாறல் கொண்டுபோன வழியில், செம்பனை வாய்க்காலில் ஒரு பன்றி கிடந்தது. தாடை உடைந்து தொங்கியது, நாக்கில் ஈ மொய்த்தது, விலா எலும்புகளை எண்ணலாம். என்னைக் கண்டு எழப் பார்த்தது, முடியவில்லை. எத்தனை நாளாய்த் தின்னாமல் அலைந்ததோ. சுட்டவருக்கு அது தப்பி ஓடிய பன்றி, அவ்வளவுதான்.

முதலில் தாளில் சுட்டுப் பழகுங்கள். 100 மீட்டரில் ஐந்து குண்டும் ஓர் உள்ளங்கைக்குள் விழாவிட்டால், 50 மீட்டருக்கு நெருங்கினால் மட்டுமே சுடுங்கள். ஓடும் பன்றி வேண்டாம். பின்னால் மண்மேடு இல்லாவிட்டாலும் வேண்டாம், அந்தச் சின்ன .22 குண்டே ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் போகும்.

அங்கே வெளிநாட்டாருக்கான உரிம விதியை மச்சான் முன்கூட்டியே கேட்டு வைக்கட்டும். இங்கே மலேசியாவுக்குத் திரும்பியபின் ஆசை வந்தால், 1960 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி உரிமமும் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் வேட்டை உரிமமும் இல்லாமல் காட்டுப்பன்றியைத் தொடக்கூடாது.

சுட்டும் விழாமல் நின்றால் உடனே மறுபடி சுடுங்கள். ஓடிவிட்டால், நின்ற இடத்தில் இரத்தத்தைப் பாருங்கள்: நுரைத்த இளஞ்சிவப்பு என்றால் நுரையீரல், கருஞ்சிவப்பு என்றால் ஈரல், பச்சை கலந்து நாறினால் குடல். குடலில் பட்டதைத் துரத்தாதீர்கள், துரத்தினால் இன்னும் தூரம் ஓடும். படுக்க விட்டு, பிறகு தடம் பிடித்துப் போங்கள். அது கிடைக்கும்வரை அன்றைக்கு வேறு பன்றியைச் சுடாதீர்கள்.