கணக்கரின் சம்பளத்துக்கு வந்த பற்றுகை ஆணை

கேள்வி: கோவையில் 12 பேர் வேலை பார்க்கும் சிறிய லேத் பட்டறை நடத்தி வருகிறேன். எங்கள் கணக்கருக்கு மாதம் 25,000 ரூபாய் சம்பளம். படிகள் எதையும் தனியாகப் பிரித்துக் கொடுப்பதில்லை. அவர் பட்ட கடனுக்கு 3,10,000 ரூபாய்க்கு டிக்ரி (கட்டச் சொல்லும் நீதிமன்றத் தீர்ப்பு) ஆகி, அவர் சம்பளத்தில் பிடித்துக் கட்டும்படி சார்பு நீதிமன்றத்திலிருந்து எனக்கு ஆணை வந்திருக்கிறது. மகள் கல்யாணம் முடியும் வரை மூன்று மாதம் பொறுக்கும்படி அவர் கெஞ்சுகிறார். எங்களிடம் வாங்கிய முன்பணத்துக்காக ஏற்கெனவே மாதம் 5,000 ரூபாய் பிடித்து வருகிறேன். இதற்கிடையில், லேத் ஓட்டும் தொழிலாளி ஒருவரின் கூலியைத் தங்களுக்கு அனுப்பச் சொல்லி ஒரு நிதி நிறுவனமும் கடிதம் எழுதியிருக்கிறது. நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: கணக்கர் மீது உங்களுக்குள்ள பரிவு புரிகிறது; ஆனால் மூன்று மாதத் தவணை கொடுக்கும் அதிகாரம் உங்களிடம் இல்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 21ஆம் கட்டளை, 48ஏ விதிப்படி, தனியார் நிறுவன ஊழியரின் சம்பளத்தைப் பற்றுகை செய்யும் (அதாவது கடனுக்காகப் பிடித்துக் கட்டச் சொல்லும்) ஆணை முதலாளியையே நேரடியாகக் கட்டுப்படுத்துகிறது. ஆணைக்கு மாறாக அவர் கையில் எவ்வளவு கொடுக்கிறீர்களோ, அந்தத் தொகைக்கு நீங்களே பொறுப்பு. அதாவது ஒரே சம்பளத்தை ஒருமுறை அவருக்கும் மறுமுறை நீதிமன்றத்துக்குமாக இரண்டு தடவை கட்ட நேரிடும். அவகாசம் வேண்டுமானால் அவர்தான் தம் வழக்கறிஞர் மூலம் நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும்.

முதலில் ஆணையின் முத்திரையையும் நிறைவேற்று மனு (டிக்ரியை நிறைவேற்றக் கோரும் மனு) எண்ணையும் நீதிமன்ற அலுவலகத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மாதம் எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று ஆணையிலேயே குறித்திருந்தால், அந்தத் தொகையைத்தான் பிடிக்க வேண்டும்; அது சட்ட வரம்பை மீறுவதாகத் தோன்றினால் நீங்களாகக் குறைத்துவிடாமல் நீதிமன்றத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். தொகை குறிக்கப்படவில்லையென்றால், அதே உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவின் கணக்கு இது: சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயைத் தொடக் கூடாது, மீதி 24,000 ரூபாயில் மூன்றில் இரண்டு பங்கான 16,000 ரூபாயையும் தொடக் கூடாது. எஞ்சும் 8,000 ரூபாயைத்தான் பிடிக்கலாம். இது மனைவி மக்களின் ஜீவனாம்ச டிக்ரியாக இருந்திருந்தால் கணக்கே வேறு. அங்கே மூன்றில் ஒரு பங்குக்கு மட்டுமே பாதுகாப்பு உண்டு.

உங்கள் முன்பணப் பிடித்தத்தில்தான் சிக்கல் இருக்கிறது. ஊதியச் சட்டத் தொகுப்பு, 2019இன்படி ஓர் ஊதியக் காலத்தில் எல்லாப் பிடித்தங்களும் சேர்ந்து ஊதியத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. 8,000 ரூபாயுடன் உங்கள் 5,000 ரூபாயும் சேர்ந்தால் 13,000 ஆகிறது; வரம்போ 12,500. எனவே இந்த மாதம் முதல் முன்பணத் தவணையை 4,500 ரூபாயாகக் குறைத்துக்கொள்ளுங்கள். விட்டுக்கொடுக்க வேண்டியது உங்கள் பாக்கிதானே தவிர, நீதிமன்றத்துக்குப் போக வேண்டிய பணம் அல்ல. ஆணையை நிறைவேற்றும் செலவு என்று அவர் சம்பளத்தில் தனியாக எதையும் கழிக்கவும் வழியில்லை.

மாதந்தோறும் பணத்தை நீதிமன்றத்தில் கட்டி, செலான் நகலைச் சம்பளப் பதிவேட்டுடன் சேர்த்து வையுங்கள். சம்பளச் சீட்டிலும் நிறைவேற்று மனு எண்ணுடன் அந்தப் பிடித்தத்தைக் காட்டுங்கள். டிக்ரிதாரர் (டிக்ரி பெற்ற, கடன் கொடுத்தவர்) நேரில் வந்து கேட்டாலும் கையில் கொடுக்க வேண்டாம். அப்படிக் கொடுத்துவிட்டுப் பின்னர் நிரூபிக்கத் திண்டாடியவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்தப் பற்றுகை நடப்பில் இருக்கும்போது வேறொரு டிக்ரிக்கு இரண்டாவது ஆணை வந்தால், முதல் ஆணையின் முழு விவரத்தையும் எழுதி உடனே அதைத் திருப்பி அனுப்ப வேண்டும். மேசை இழுப்பறையில் போட்டுவைத்தால் அதுவும் உங்கள் தலையில் விழும்.

ஒரே டிக்ரிக்காக மொத்தம் 24 மாதம் பிடித்துவிட்டால், அதன் பிறகு அந்த டிக்ரிக்காகச் சம்பளத்தைப் பற்ற முடியாது. மாதம் 8,000 வீதம் 24 மாதத்தில் 1,92,000 ரூபாய்தான் சேரும். பாக்கிக்கு டிக்ரிதாரர் வேறு வழி தேட வேண்டும். கடைசி மாதத் தொகையைக் கட்டும்போதே காலம் முடிந்ததை நீதிமன்றத்துக்கு எழுதித் தெரிவித்துவிடுங்கள். இடையில் அவர் வேலையை விட்டால் அதையும் தெரிவிக்க வேண்டும். அப்போது அவருக்குச் சேர வேண்டிய பணிக்கொடையைக் கடன் கொடுத்தவர்கள் பற்ற முடியாது. தொல்லை தீரட்டும் என்று நீங்களே அவரை நிறுத்திவிட எண்ண வேண்டாம். கடன்பட்டது பணியில் செய்த குற்றம் ஆகாது. அவர் தொழில் தாவா எழுப்பினால் உங்களால் பதில் சொல்ல முடியாது.

நிதி நிறுவனத்தின் கடிதம் நீதிமன்ற ஆணை அல்ல. அதை நம்பி ஒரு ரூபாய்கூடப் பிடிக்காதீர்கள். இன்னொன்று, லேத் ஓட்டுபவர் தேர்ச்சி பெற்ற தொழிலாளி. தொழிலாளியின் கூலியை, போனஸ் உட்பட, டிக்ரி இருந்தாலும் பற்றுகை செய்ய முடியாது என்று அதே 60ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் பாதுகாப்பு வேண்டாம் என்று அவரே கடன் பத்திரத்தில் கையெழுத்திட்டிருந்தாலும் அது செல்லாது. நாளை அவர் பெயரில் நீதிமன்ற ஆணையே வந்தால் மட்டும், அதைப் புறக்கணிக்காமல், அவர் செய்யும் வேலை இன்னது என்று விவரித்து நீதிமன்றத்தில் பதில் தாக்கல் செய்யுங்கள்.