காசியில் வந்த நீர்க்கடுப்பு: மெடிக்கலில் கேட்டு மாத்திரை வாங்கலாமா?

கேள்வி: போன மாதம் நானும் என் நாத்தனாரும் ரயிலில் காசிக்குப் போயிருந்தோம். இறங்கிய மறுநாளே எனக்கு நீர்க்கடுப்பு. எரிச்சலில் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. இந்தி தெரியாது. சத்திரத்துக்குப் பக்கத்து மெடிக்கலில் சைகையிலேயே சொன்னோம். அட்டையிலிருந்து நான்கு மாத்திரையை வெட்டிக் கொடுத்து 120 ரூபாய் வாங்கினார், பில் தரவில்லை. இரண்டு நாள் அடங்கியிருந்தது, திரும்பும் வழியில் மறுபடி வந்துவிட்டது. ஊரில் டாக்டர், பரிசோதனை, மருந்து என 2,300 ரூபாய் ஆனது. மருத்துவக் காப்பீட்டில் தர மாட்டோம் என்கிறார்கள். கடைக்காரர் மேல் புகார் செய்யலாமா? இனி இப்படி வந்தால் என்ன செய்வது?
- வாசகி, திருச்சி

பதில்: காப்பீட்டு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். சாதாரண பாலிசிகள் படுக்கையில் சேர்ந்து பார்த்த வைத்தியத்துக்குத்தான் பணம் தரும். வெளிநோயாளி செலவுக்கென்று தனியாகச் சேர்த்திருந்தால் ஒழிய, அவர்கள் மறுத்தது சரிதான்.

கடைக்காரர் கொடுத்தது ஆன்டிபயாடிக்காக இருந்தால், அவர் செய்தது தப்பு. ஆன்டிபயாடிக் மாத்திரைகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. அவற்றில் பல, 2014 மார்ச் முதல் எச்-1 என்ற கட்டுப்பாடு கூடிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. அவற்றை விற்றால் சீட்டு எழுதிய டாக்டர் பெயரையும் நோயாளி பெயரையும் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். பில் தராததும் 2019 நுகர்வோர் சட்டப்படி முறையற்ற வணிகம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குத் தமிழிலேயே பேசிப் புகார் பதியலாம். ஆனால் உங்கள் கையில் பில் இல்லை, நிரூபிப்பது கஷ்டம். வெட்டிக் கொடுத்த துண்டில் மருந்தின் பெயராவது இருந்ததா? காலாவதித் தேதி பெரும்பாலும் அட்டையின் ஒரு ஓரத்தில்தான் அச்சாகியிருக்கும், அந்த ஓரம் கடையிலேயே தங்கிவிடும். எங்கே உதிரியாக வாங்கினாலும் வெட்டுவதற்கு முன் முழு அட்டையை வாங்கி, செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 120 ரூபாயைவிட அந்த நான்கு மாத்திரைதான் உறுத்துகிறது. என் சித்தி இப்படித்தான் ஹரித்வார் யாத்திரையில் எரிச்சல் நின்றதும் மாத்திரையையும் நிறுத்தினார். ஐந்தாம் நாள் குளிர்காய்ச்சல். கிருமிக்குப் பொருந்தாத மருந்தோ, பாதியில் விட்ட மருந்தோ, எரிச்சலைக் கொஞ்சம் அடக்கிவிட்டுக் கிருமியை உள்ளேயே விட்டுவைக்கலாம். அப்புறம் வரும்போது அதே மருந்து கேட்காமலும் போகலாம்.

சரி, அடுத்த தடவை? உங்கள் ஊர் டாக்டருக்கே போன் போடுங்கள். வீடியோவிலோ போனிலோ பார்த்து மருந்து எழுத 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல் அனுமதிக்கிறது. கையெழுத்திட்ட சீட்டை அவர் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பலாம். டாக்டர் கிடைக்கவில்லையா, மத்திய அரசின் இணையவழி மருத்துவ ஆலோசனைச் சேவையான இ-சஞ்சீவனியில் டாக்டரிடம் இலவசமாகப் பேசலாம்.

நேரில் காட்ட வேண்டுமென்றால், காசியில் கபீர் சௌராவில் அரசு மருத்துவமனை இருக்கிறது, பெண்களுக்குத் தனி மருத்துவமனையும் உண்டு. கோதௌலியா பக்கம் தங்கியிருந்தால் ஆட்டோவில் போய்விடலாம். காலையிலேயே போய்விடுங்கள். ஓபிடி (வெளிநோயாளி) சீட்டை அங்கே ‘பர்ச்சா’ என்பார்கள். சைகையெல்லாம் வேண்டாம், ‘பேஷாப் மே ஜலன்’ என்றால் நீர் கடுக்கிறது என்று புரிந்துகொள்வார்கள். சிறுநீர்ப் பரிசோதனைக்குச் சொன்னால், முதல் மாத்திரை போடுவதற்கு முன்பே சாம்பிள் கொடுத்துவிடுங்கள். எந்தக் கிருமி, எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையின் முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும், அதற்குள் ஊர் திரும்பினாலும் போனில் அனுப்பச் சொல்லலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ரயில் கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் போகிற பெண்கள் எத்தனையோ பேர். நீர்க்கடுப்புக்கு அதுவே வழி வைக்கும். தயவுசெய்து தண்ணீர் குடியுங்கள், அடக்கி வைக்காதீர்கள்.

காய்ச்சல், நடுக்கம், விலாவிலோ முதுகிலோ வலி, வாந்தி, சிறுநீரில் ரத்தம், இதில் எது வந்தாலும் போனில் பேசி நாளைக் கடத்தாமல் அன்றைக்கே நேரில் டாக்டரைப் பாருங்கள். கர்ப்பிணிகளும் சர்க்கரை நோய் உள்ளவர்களும் வெறும் எரிச்சலுக்கே போய்க் காட்டிவிட வேண்டும். ஓடும் ரயிலில் முடியாமல் போனால் டிடிஇயிடம் சொல்லுங்கள், இல்லையென்றால் ரயில்வே உதவி எண் 139-க்கு அழையுங்கள். டாக்டர் இருக்கிற அடுத்த நிலையத்தில் வந்து பார்க்க ஏற்பாடு செய்வார்கள்.