கட்டட வேலையில் அடிபட்டவர்களுக்குச் சட்டம் என்ன தருகிறது? கேள்வி பதில்

(பதில் சொல்பவர் தருமபுரியில் தொழிலாளர் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர்.)

பென்னாகரம்: என் தம்பிக்கு 30 வயது. 2024 இறுதியில் பெங்களூரில் சாரம் சரிந்து விழுந்தான். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. தினக்கூலி 800 ரூபாய். ஒப்பந்தக்காரர் 50,000 கொடுத்துவிட்டு, முத்திரைத்தாளில் கையெழுத்துக் கேட்கிறார். வழக்கு என்றால் பெங்களூருக்குத்தான் வரவேண்டும் என்கிறார்.

கையெழுத்துப் போடாதீர்கள். போட்டிருந்தாலும் பயப்படாதீர்கள். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம், ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் 1923, பிரிவு 17இன்படி செல்லாது.

பெங்களூருக்கு அலையவும் வேண்டாம். பிரிவு 21இன்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்துக்குரிய தொழிலாளர் துணை ஆணையரிடமே மனுப் போடலாம். ஒப்பந்தக்காரரோடு, அவருக்கு வேலை கொடுத்த கட்டட நிறுவனத்தையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். பிரிவு 12 அதற்காகத்தான்.

இனி தொகை. நிரந்தர முழு ஊனத்துக்கு மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை, சட்டத்தின் அட்டவணையில் வயதுக்குத் தந்துள்ள எண்ணால் (காரணி) பெருக்க வேண்டும். சம்பளம் எவ்வளவு கூடுதலாக இருந்தாலும் கணக்குக்கு 15,000தான். அதில் 60 சதவீதம் 9,000. முப்பது வயதுக்குக் காரணி 207.98. ஆக 18,71,820 ரூபாய். மருத்துவச் செலவு இதற்கு மேல். ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் 12 சதவீத வட்டியும் சேரும். ஐம்பதாயிரம் எங்கே, இது எங்கே!

விபத்து நடந்து இரண்டு ஆண்டுக்குள் மனு போகவேண்டும். மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலை இன்றே வாங்குங்கள். 'வீட்டில் வழுக்கி விழுந்தார்' என்று மேஸ்திரி சொல்லி, அப்படியே பதிவான நகல்கள் எத்தனையோ என் மேசைக்கு வந்திருக்கின்றன. அந்த ஒரு வரியை மாற்றப் படும் பாடு கொஞ்சமல்ல. மருத்துவரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்.

அரூர்: கட்டடத் தொழிலாளர் நல வாரிய அட்டை இல்லை. இழப்பீடு உண்டா?

உண்டு. வாரிய உதவி வேறு, முதலாளி தரவேண்டிய இழப்பீடு வேறு. அட்டையையும் வாங்கிவிடுங்கள்.

ஓசூர்: எனக்கு ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருக்கிறது.

அப்படியானால் ஈ.எஸ்.ஐ. வழியாகத்தான் கேட்க முடியும். இந்த மனு உங்களுக்கு இல்லை.

காரிமங்கலம், மேஸ்திரி ஒருவர்: எல்லாரும் எங்களையே குறை சொல்கிறீர்கள். சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி வேலை எடுக்கிறோம். ஆள் விழுந்தால் நான் எங்கே போவேன்?

பாலக்கோடு, வீடு கட்டுபவர்: மேஸ்திரியிடம் ஒப்படைத்துவிட்டால் எங்கள் பொறுப்பு முடிந்தது. இவர் எங்கள் தலையில் கட்டப் பார்க்கிறார்.

இருவரும் கேளுங்கள். வீட்டுக்காரரே, சிமெண்டும் கம்பியும் நீங்கள் வாங்கி, சனிக்கிழமை தோறும் ஆளுக்கு இவ்வளவு என்று கூலியையும் நீங்களே எண்ணிக் கொடுத்தால், முதலாளி நீங்கள்தான். மேஸ்திரி ஆளைக் கூட்டி வந்தார் என்பதால் தப்ப முடியாது. மொத்தமாக ஒப்பந்தம் விட்டிருந்தால் கதை வேறு. தன் தொழிலுக்காக ஒப்பந்தம் விடுபவரைத்தான் பிரிவு 12 பிடிக்கிறது. குடியிருக்க வீடு கட்டுபவரை அதற்குள் இழுப்பது கடினம்.

மேஸ்திரி: அப்படியானால் நான்தான் கட்டவேண்டும்!

ஆம். அதனால்தான் அஸ்திவாரம் தோண்டும் முன்பே தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு எடுக்கச் சொல்கிறேன். பிரீமியத்தைச் சதுர அடி விலையில் சேர்த்துப் பேசுங்கள். வீட்டுக்காரரே, கிரகப்பிரவேசத்துக்குச் செலவழிப்பதில் சிறு பங்கைச் சாரத்தில் நிற்பவருக்குக் கொடுப்பதில் என்ன தயக்கம்?

ஊத்தங்கரை: கேரளத்தில் அடிபட்டால் இங்கே மனுப் போடலாமா?

பென்னாகரத்துக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

பர்கூர்: ஆந்திராவில் அடிபட்டால்?

அதே பதில்தான். தயவுசெய்து மேலே படித்துவிட்டுக் கேளுங்கள். 2025 நவம்பர் 21 அன்றோ அதற்குப் பின்போ நடந்த விபத்தென்றால் மட்டும், மனுவை 1923 சட்டத்துக்குப் பதிலாக வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பின் கீழ் எழுதுங்கள்.

தருமபுரி: என் கணவர் மூன்றாம் மாடியிலிருந்து விழுந்து இறந்தார். குடித்திருந்தார், அதனால் ஒன்றும் கிடையாது என்கிறார்கள்.

அம்மா, அது பொய். மரணத்திலும் நிரந்தர முழு ஊனத்திலும் குடியைக் காரணம் காட்டி முதலாளி தப்பிக்கச் சட்டம் இடம் தரவில்லை. இழப்பீட்டை அவர் தொழிலாளர் துணை ஆணையரிடம்தான் கட்டவேண்டும். உங்கள் கையில் ரொக்கமாகக் கொடுத்துத் தாளில் கையெழுத்து வாங்கினால், அது இழப்பீடு கொடுத்ததாகவே ஆகாது. வழக்கறிஞருக்குப் பணம் இல்லையென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேளுங்கள், தொலைபேசி 15100. முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, குடும்ப அட்டை மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள்.