15 வயது மகள் பெயரில் பாலிசி – கோத்தகிரி நண்பருக்கு

ஏஜென்ட் சொல்கிறபடி மகள் பெயரில் ஆயுள் காப்பீடு எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். மகள் பெயரில் வேண்டாம். சம்பாதிக்கிறவர் போய்விட்டால் வீடு தவிக்கக் கூடாது என்பதற்குத்தான் ஆயுள் காப்பீடு. தேயிலை பறித்து ஃபேக்டரிக்குப் போட்டுக் காசு கொண்டுவருவது நீங்கள், பத்தாவது படிக்கிற பிள்ளை இல்லையே.

ஏஜென்ட் காட்டியது எண்டோமென்ட் பாலிசியாக (காப்பீடும் சேமிப்பும் சேர்ந்தது) இருக்கும். முதல் வருட பிரீமியத்தில் அவருக்குக் கமிஷன் அதிகம், அதான் அந்த அவசரம்.

உங்கள் பெயரில் டேர்ம் பாலிசி (குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் குடும்பத்துக்குப் பணம் தருவது) இருக்கிறதா, முதலில் அதைப் பாருங்கள். காலேஜ் செலவுக்குத் தபால் ஆபீஸ் ஆர்டி (மாதாமாதம் பணம் போடும் சேமிப்பு), 5 வருடம், மாதம் 100 ரூபாயிலிருந்தே தொடங்கலாம், இலை விலை விழுந்தாலும் தாங்கும். (பெண் பிள்ளைகளுக்கான செல்வமகள் சேமிப்புக் கணக்கை 10 வயதுக்குள் தொடங்கியிருக்க வேண்டும், அது போச்சு.)

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டாச்சா? பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம், ஸ்டாம்ப் மாதிரி சில செலவுகள் போக மீதி வரும். அதைத் தாண்டி, பாதியில் நிறுத்தினால் நஷ்டம்தான்.