குமரித் தொகுதி: வாசகர் கேள்வி – பதில்

கன்னியாகுமரி மக்களவைத் தொகுதியைப் பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

தமிழ்நாட்டை மாறி மாறி ஆண்ட இரண்டு கழகங்களும் குமரியில் மட்டும் ஏன் எடுபடவில்லை?
(ஒரு வாசகர், மதுரை)

ஒரேயடியாக அப்படிச் சொல்லிவிட முடியாது. சட்டமன்றத்துக்கு இரண்டு கட்சிகளும் இங்கிருந்து ஆட்களை அனுப்பியிருக்கின்றன. மக்களவை என்று வந்தால்தான் நீங்கள் சொல்வது சரி. தி.மு.க. ஜெயித்தது 2009இல் ஹெலன் டேவிட்சன் மூலம் ஒரே ஒரு முறை. அ.தி.மு.க. ஒரு முறைகூட இல்லை.

கூட்டணியில் இந்தத் தொகுதி பெரும்பாலும் தேசியக் கட்சிக்கே போய்விடும் என்பது ஒரு காரணம். ஆனால் அது மட்டும் போதாது. 2014இல் எல்லோரும் தனித்தனியாக நின்றார்களே, அந்தக் கணக்கைப் பாருங்கள். பா.ஜ.க.வின் பொன். ராதாகிருஷ்ணன் ஜெயித்தார். மாநிலத்தில் ஓரிடம்கூடக் கிடைக்காத காங்கிரஸ் இங்கே இரண்டாவதாக வந்தது. 37 தொகுதிகளை அள்ளிய அ.தி.மு.க.வுக்கு மூன்றாம் இடம், தி.மு.க.வுக்கு நான்காம் இடம்.

இதன் வேர் 1956க்கு முன்னால் இருக்கிறது என்பது என் எண்ணம். சுயமரியாதை இயக்கம் ஊர் ஊராகப் பரவி, 1949இல் தி.மு.க. பிறந்து வளர்ந்த அந்த வருஷங்களில் எங்கள் ஊர்கள் சென்னை மாநிலத்திலேயே இல்லை. எங்களுக்குத் தலைநகரம் திருவனந்தபுரம். மற்ற மாவட்டங்களில் தமிழ் உணர்வு கழகத்தின் கொடியோடு வந்தது. இங்கே அதைத் தூக்கிச் சுமந்த கட்சியின் பெயரிலேயே காங்கிரஸ் இருந்தது. அடுத்த கேள்வி அதைப் பற்றித்தான்.

1952இல் நேசமணி காங்கிரஸ் வேட்பாளர்தானே?
(கல்லூரி மாணவி, மார்த்தாண்டம்)

இல்லை அம்மா. அவர் நின்றது திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் சார்பில். இந்திய தேசிய காங்கிரஸ் வேறு, இது வேறு. தமிழ் பேசும் வட்டங்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்க வேண்டும் என்று போராடிய கட்சி இது. திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்து நாகர்கோவில் தொகுதியிலிருந்து அவரை டெல்லிக்கு அனுப்பினார்கள் மக்கள்.

அந்த ஓட்டின் கனம் 1954இல் தெரிந்தது. ஆகஸ்ட் 11ஆம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டதில் போராட்டக்காரர்கள் செத்தார்கள். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அப்புறம் 1962, 1967 தேர்தல்களில் நேசமணி இந்திய தேசிய காங்கிரஸிலேயே நின்று ஜெயித்தார். உங்கள் ஊரில் நடந்த வரலாறு இது. வகுப்பில் சொல்லித் தராவிட்டால் நீங்களே எடுத்துப் பேசுங்கள்.

சொந்த ஊரில் தோற்ற காமராஜர் நாகர்கோவிலுக்கு ஏன் வந்தார்?
(ஒரு வாசகர், சாத்தூர்)

1967இல் விருதுநகர் சட்டமன்றத் தொகுதியில் மாணவர் தலைவர் பெ. சீனிவாசனிடம் 1,285 ஓட்டில் தோற்றார். அடுத்த ஆண்டு நேசமணி காலமானதால் நாகர்கோவிலில் இடைத்தேர்தல் வந்தது. மாநிலமெங்கும் காங்கிரஸ் சாய்ந்தபோதும் சாயாத தொகுதி இது. 1969 ஜனவரியில் தி.மு.க. ஆதரவு பெற்ற மத்தியாஸை லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டு வித்தியாசத்தில் வென்றார்.

நான் அப்போது பள்ளிக்கூடப் பையன். தக்கலை சாலையோரம் பெரியவர்களுக்கு நடுவே நின்று பார்த்தேன். ஜீப் நிற்கவில்லை, வேகம்தான் குறைந்தது. முன் இருக்கையில் இருந்தவர் கையை உயர்த்திவிட்டுப் போனார். அதற்காகவே வேலையைப் போட்டுவிட்டு வந்து மதியத்திலிருந்து காத்திருந்த பெண்கள், "நம்மளப் பாத்தாரு" என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டார்கள்.

1971இல் அவர் கட்சியின் நிலைமை இன்னும் மோசம். காங்கிரஸ் இரண்டாகப் பிளந்தபின் காமராஜர் இருந்த பழைய காங்கிரஸ் தமிழ்நாட்டில் ஜெயித்த ஒரே மக்களவைத் தொகுதி, அவர் நின்ற நாகர்கோவில்தான். சொந்த ஊர் கைவிட்ட ஒரு தலைவரை இரண்டு முறை தாங்கிப் பிடித்த தொகுதி என்று இதை நான் பெருமையாகவே சொல்வேன்.

குமரி மாவட்டத்திலேயே பிறந்து வளர்ந்த என் தாத்தா, தான் திருச்செந்தூர் தொகுதிக்கு ஓட்டுப் போட்டதாகச் சொல்கிறாரே?
(ஒரு வாசகர், கொட்டாரம்)

தாத்தா சொல்வது சரி. தொகுதி எல்லைகளை மாற்றியமைத்த மறுவரையறைக்கு முன்னால் கன்னியாகுமரி சட்டமன்றத் தொகுதி திருச்செந்தூர் மக்களவைத் தொகுதிக்குள் இருந்தது. 2009 தேர்தலில்தான் மாவட்டத்தின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளும் ஒரே மக்களவைத் தொகுதிக்குள் வந்தன. நாகர்கோவில் என்ற பெயரும் அப்போதுதான் கன்னியாகுமரி என்று மாறியது. திருவட்டார் சட்டமன்றத் தொகுதியும் அதே மறுவரையறையில் இல்லாமல் போனது.

மதத்தைப் பார்த்து ஓட்டுப் போடும் ஊர்தானே உங்களுடையது?
(ஒரு வாசகர், சென்னை)

இந்தக் கேள்வி என்னை வருத்துகிறது. இந்துக்களும் கிறிஸ்தவர்களும் ஏறக்குறைய சரிபாதியாக வாழும் மாவட்டம் இது. 1982இல் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே நடந்த மண்டைக்காட்டுக் கலவரத்தின் காயமும் அதற்குப் பின் வந்த அணிசேர்க்கையும் உண்மை, மறைக்க மாட்டேன். ஆனால் 1999இல் பா.ஜ.க., 2004இல் மார்க்சிஸ்ட் கட்சியின் பெல்லார்மின், 2009இல் தி.மு.க., 2014இல் மறுபடி பா.ஜ.க., 2019இல் காங்கிரஸின் வசந்தகுமார். இருபது வருஷத்தில் நாலு கட்சிகள். மக்கள்தொகைக் கணக்கு அதேதான், முடிவு மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது. அப்படியானால் வேறு ஏதோ ஓட்டை நகர்த்துகிறது.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபிறகு தூத்தூர், சின்னத்துறை மீனவக் கிராமங்கள் பக்கம் போயிருக்கிறேன். மாலை போட்ட படம் இல்லாத தெருவே இல்லை. தேடும் கப்பல் ஏன் நேரத்துக்கு வரவில்லை என்று கேட்டார்கள், ஜெபம் பற்றி ஒருவரும் பேசவில்லை. இனயம் துறைமுகத் திட்டத்தால் கரை போய்விடும் என்ற பயம் வேறு. 2019இல் பா.ஜ.க. தோற்ற ஓட்டு வித்தியாசம் இரண்டரை லட்சத்தைத் தாண்டியதில் இந்தக் கோபத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்று நம்புகிறேன்.

அதிக முறை ஜெயித்தவர் யார்?
(ஒரு வாசகி, திங்கள்சந்தை)

என். டென்னிஸ். 1980 முதல் 1991 வரை காங்கிரஸில் நான்கு முறை, 1996, 1998இல் த.மா.கா.வில் (தமிழ் மாநில காங்கிரஸ்) இரண்டு முறை, ஆக ஆறு.

குமரி அனந்தனும் வசந்தகுமாரும் அண்ணன் தம்பியா?
(ஒரு வாசகர், திருநெல்வேலி)

ஆமாம். 1977இல் அண்ணன், 2019இல் தம்பி இங்கே ஜெயித்தார்கள். வசந்தகுமார் 2020 ஆகஸ்டில் கொரோனாவில் இறந்ததால் இடைத்தேர்தல் சட்டமன்றத் தேர்தலோடு சேர்ந்து 2021 ஏப்ரலில் நடந்தது. ஒரே நாளில் இரண்டு ஓட்டு. அவர் மகன் விஜய் வசந்த் வென்றார், 2024இலும் அவரே.

பழைய முடிவுகளை எங்கே பார்ப்பது?
(ஆய்வு மாணவர், குழித்துறை)

தேர்தல் ஆணையம் ஒவ்வொரு பொதுத்தேர்தலுக்கும் வெளியிட்ட புள்ளிவிவர அறிக்கைகளில் எல்லாம் இருக்கிறது. 1951–52 அறிக்கையில் மட்டும் மதராஸ் பகுதியில் தேடாதீர்கள், திருவிதாங்கூர்–கொச்சியைப் புரட்டுங்கள். 2004 வரை நாகர்கோவில் என்றும், 2009 முதல் கன்னியாகுமரி என்றும் தேட வேண்டும். தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்து ஓட்டுகள் வேண்டுமென்றால் திருச்செந்தூரையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.