சாட்சியக் கல்விக்கு நன்கொடை: செக் யார் பெயரில்?

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறேன். வயது 74, ஓய்வு பெற்றாயிற்று. யூத இனப்படுகொலையில் உயிர் தப்பியவர்களின் வீடியோ சாட்சியங்களைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொண்டுபோகும் பணிக்கு 10,000 டாலர் தர ஆசை. சேமிப்பெல்லாம் 401-கே கணக்கில், அதாவது வேலை பார்த்த நிறுவனம் வழியாகச் சேர்த்த ஓய்வுகாலக் கணக்கில் இருக்கிறது. போனில் பேசிய ஒருவர், "எங்களிடம் கொடுங்கள், சேர்த்துவிடுகிறோம், வரியும் மிச்சம்" என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: அவரிடம் கொடுக்காதீர்கள். கூலிக்கு நிதி திரட்டும் நிறுவனங்கள், வாங்கும் தொகையில் பெரும்பகுதியைத் தங்கள் கட்டணமாகவே எடுத்துக்கொள்ள முடியும். ஒப்பந்தம் இருந்தால் சட்டமும் தடுக்காது, எரிச்சலே அதுதான். போனை வைத்துவிட்டு, சாட்சியங்களைச் சேர்த்து வைத்திருக்கும் காப்பகத்துக்கே நேராக எழுதுங்கள்.

எழுதும்போது முதலில் கேட்க வேண்டியது சட்டப்படியான பெயரும் வரி அடையாள எண்ணும். திரைப்பட இயக்குநர் ஸ்பீல்பெர்க் 1994-ல் தொடங்கிய, சாட்சியங்களைப் பதிவுசெய்யும் ஷோவா அறக்கட்டளை, 2006 முதல் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் அங்கம். இதேபோன்ற வீடியோ சாட்சியங்களை வைத்திருக்கும் ஃபோர்ச்சுனாஃப் காப்பகம் யேல் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் பணத்தை வாங்குவது பல்கலைக்கழகம். எதற்கான பணம் என்று கடிதத்தில் எழுதாவிட்டால் பொதுக் கணக்கில் கரைந்துவிடும். "சாட்சியக் கல்விக்கு" என்று தெளிவாக எழுதுங்கள். ஒரு சாட்சியம் இரண்டு மணி நேரத்துக்கு மேல்கூட ஓடும். வகுப்பில் ஆசிரியருக்கு வேண்டியதோ ஐந்தாறு நிமிடம். அந்த இடத்தைத் தேடி எடுக்க நிமிடவாரியாகக் குறிப்பு வேண்டும், பிறகு வசன வரி, பாடக் குறிப்பு. காசு தேவைப்படுவது இங்கேதான்.

இனி வரி. எழுபதரை வயது கடந்தவர்கள் ஐ.ஆர்.ஏ. எனும் தனிநபர் ஓய்வுகாலக் கணக்கிலிருந்து நேராக அறநிறுவனத்துக்கு அனுப்பும் தொகை, மத்திய அரசின் வரியில் வருமானமாகவே கணக்கில் வராது. 2025-ல் ஆண்டு வரம்பு 1,08,000 டாலராக இருந்தது. ஆனால் 401-கே-க்கு இந்தச் சலுகை கிடையாது. பலர் சறுக்கும் இடம் இது, நிதானமாகப் படியுங்கள். உங்கள் வயதில் சட்டப்படி ஆண்டுதோறும் ஒரு தொகையை எடுத்தே ஆக வேண்டும்; இந்த ஆண்டுக்கான அந்தக் கட்டாயத் தொகையை முதலில் 401-கே-யிலிருந்து எடுத்துவிடுங்கள், அதற்கு வரி உண்டு. அந்தத் தொகையை ஐ.ஆர்.ஏ.-வுக்கு மாற்றக் கூடாது. மாற்றினால் வரம்பு மீறிய தொகையாகி, திருத்தும்வரை ஆண்டுக்கு 6 சதவீதம் அபராதம். மீதியை நிறுவனத்திலிருந்து நிறுவனத்துக்கு நேர் மாற்றமாக வழக்கமான ஐ.ஆர்.ஏ.-வுக்குக் கொண்டுபோங்கள். அவசரமில்லை என்றால் நன்கொடையை ஜனவரிக்குத் தள்ளுங்கள். அப்போது அந்த 10,000 டாலர் புது ஆண்டின் கட்டாயத் தொகையிலேயே கழியும். இந்த ஆண்டே கொடுத்தால் 401-கே-யின் கட்டாயத் தொகை குறையாது.

செக் உங்கள் பெயருக்கு வந்தால் போச்சு, அது உங்கள் வருமானம். காப்பகத்தின் பெயரில் எழுதி உங்கள் முகவரிக்கு வந்தால் பரவாயில்லை, நீங்களே அனுப்பிவைக்கலாம். நன்கொடையாளர் நிதிக் கணக்கில், அதாவது பிறகு நீங்கள் சொல்லும் அறநிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் இடைக் கணக்கில் போட்டாலும் சலுகை போய்விடும். இந்தப் பணத்தில் நிதி திரட்டும் விருந்துக்கு டிக்கெட் வாங்கவே வாங்காதீர்கள். "பதிலுக்கு எதுவும் தரவில்லை" என்ற வரியோடு ரசீது கேட்டு வாங்குங்கள்.

ஐ.ஆர்.ஏ. கணக்கை வைத்திருக்கும் பல நிறுவனங்கள், எடுத்த பணத்தைக் காட்டி அனுப்பும் 1099-ஆர் வரிப் படிவத்தில் இது நன்கொடை என்ற குறிப்பே இருக்காது. பணம் எங்கே போனதென்று அவர்களுக்குத் தெரியும், இருந்தும் சொல்லும் பொறுப்பு உங்கள் தலையில். கணக்காளரிடம் வாயால் சொன்னால் போதாது, ரசீதைக் கையில் கொடுங்கள். ஐ.ஆர்.ஏ. செக் புத்தகத்தில் நீங்களே எழுதும் செக் என்றால், பணமாகும் தேதிதான் கணக்கு. டிசம்பர் கடைசியில் எழுதாதீர்கள்.