சேர்விஸுக்கு ஏஜென்டிடமா, நம்ம ஊர் கராஜுக்கா?

கேள்வி: நானும் கணவரும் ஆசிரியர்கள், களுவாஞ்சிகுடியில் இருக்கிறோம். போன வருசம் லீசிங் போட்டு 2018 ஆம் ஆண்டு வாகன்ஆர் ஹைபிரிட் ஒன்று எடுத்தோம். ரீகண்டிஷனாக இறங்கி, இங்கே ஒருவர் ஓடிய கார். மீற்றரில் 71,000 கிலோமீற்றர் காட்டுகிறது. ஹைபிரிட் என்றபடியால் ஏஜென்டைத் தவிர வேறு யாரும் கை வைக்கக் கூடாது என்கிறார் கணவர். கல்முனையில் தெரிந்த கராஜ் ஒன்று இருக்கிறது, அங்கே பாதிக் காசுதான் என்கிறான் என் தம்பி. யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: ஓயில், பில்டர், பிரேக், கூலன்ட் என்ற வழமையான சேர்விஸுக்குத் தம்பி சொல்வதைக் கேளுங்கள். ஆனால் என்ன ஓயில் ஊற்றுகிறார்கள் என்பதை நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். கணவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அது கியர்ப் பெட்டிக்குப் பொருந்தும்.

ஏஜென்டிடம்தான் போக வேண்டும் என்பவர்கள் முதலில் சொல்லும் காரணம் வொரன்டி. இலங்கை ஏஜென்ட், தான் இறக்கி விற்ற புதுக் காருக்குத்தான் வொரன்டி கொடுக்கிறார். உங்களுடையது ஜப்பானில் இருந்து வேறொருவர் இறக்கி, இங்கே கைமாறி வந்தது. அதற்கு ஏஜென்டிடம் வொரன்டி கிடையாது. ஆகவே கல்முனையில் விட்டால் அது போய்விடுமே என்று நீங்கள் பயப்பட ஒன்றுமில்லை.

அடுத்தது அந்த ஹைபிரிட் என்ற சொல். காரின் பின்னால் அதை ஒட்டியிருப்பதைக் கண்டதும் எல்லாவற்றையும் ஒரே தராசில் வைத்து விடுகிறோம். டொயோட்டா அக்வாவில் பின் ஆசனத்துக்குக் கீழே இருப்பது நூறு வோல்ட்டுக்கு மேற்பட்ட பற்றரி. அதில் இருந்து போகும் செம்மஞ்சள் நிற வயர்களைத் தெரியாதவர் தொட்டால் உயிருக்கே ஆபத்து. உங்கள் வாகன்ஆரில் இருப்பது 12 வோல்ட். முன்னால் இடது ஆசனத்துக்குக் கீழே சின்ன லிதியம் பற்றரி ஒன்றும், எஞ்சினோடு பெல்ட்டில் சுற்றும் மோட்டார் ஒன்றும் உண்டு, அவ்வளவுதான். அந்த மோட்டார் மின்சாரமும் உண்டாக்கும், சிக்னலில் நின்ற எஞ்சினைத் திரும்ப உயிர்ப்பிக்கவும் செய்யும். அதனால் இந்தக் காரில் அந்தப் பெல்ட்டுக்கு வேலை கூட. சேர்விஸுக்குப் போகும்போது பெல்ட்டில் வெடிப்பு இருக்கிறதா என்று ஒருக்கா லைட் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மற்றபடி ஓயில் மாற்றுவதற்கு இது ஒரு சாதாரண 660 சிசி பெற்றோல் கார்.

இனி ஓயில். உங்கள் காசு போவதும் எஞ்சினின் ஆயுள் கூடிக் குறைவதும் இதில்தான். கேனில் 0டபிள்யூ-20 (0W-20) என்று இருக்க வேண்டும், அது மெல்லிய ஓயிலைக் குறிக்கும் இலக்கம். நம்ம பக்கக் கராஜ்களில் ஓட்டோவுக்கும் பழைய வேனுக்கும் ஊற்றுவதற்கென்று தடித்த 20டபிள்யூ-50 ஓயில் பீப்பாயில் நிற்கும். அந்த வாகனங்களுக்கு அது சரி. உங்கள் எஞ்சினின் நுண்ணிய ஓட்டைகளுக்கு அது ஆகாது: காலையில் ஸ்டார்ட் செய்ததும் மேல்பகுதிக்கு ஏறச் சுணங்கும், பெற்றோலும் கூடக் குடிக்கும். "இதுவும் நல்ல ஓயில்தான் மிஸ், எல்லாருக்கும் இதைத்தான் ஊற்றுறன்" என்று சொன்னால் காரை எடுத்துக்கொண்டு வந்து விடுங்கள். சொல்கிறவர் நல்ல மனுசனாக இருக்கலாம், ஆனால் அவருக்கு உங்கள் காரைத் தெரியாது.

அளவையும் கவனியுங்கள். இந்த எஞ்சினுக்கு பில்டரையும் சேர்த்து மாற்றினால்கூட மூன்று லீற்றர் முழுதாகப் போகாது. கடையில் பலரும் வாங்குவது நான்கு லீற்றர் கேன். மிச்சம் எங்கே? சில இடங்களில் அது கராஜின் பீப்பாய்க்குப் போகிறது. அதைவிட மோசம், "வாங்கினதுதானே" என்று முழுவதையும் எஞ்சினுக்குள் ஊற்றி விடுவது. மட்டம் மிஞ்சினால் எஞ்சினுக்குள் சுற்றும் கிராங்க் தண்டு அந்த ஓயிலை அடித்து நுரைக்க வைக்கும். நுரைத்த ஓயில் எதையும் காப்பாற்றாது. முத்திரை உடையாத கேனை நீங்களே வாங்கிக் கொண்டு போங்கள். உங்கள் முன்னால் திறக்கட்டும். ஊற்றிய பிறகு ஓயில் கம்பியை இழுத்து, மட்டம் இரண்டு குறிக்கும் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். மிச்ச ஓயிலோடு கேனை வீட்டுக்குக் கொண்டு வந்து, திகதியையும் மீற்றர் இலக்கத்தையும் அதன் மேலேயே எழுதி வையுங்கள்.

இப்போது கணவர் சொன்னதற்கு வருகிறேன். உங்கள் காரில் இருப்பது சி.வி.ரி. கியர்ப் பெட்டி. அதற்குள் முக்கிய வேலை பற்சக்கரங்களுடையது இல்லை. இரண்டு கப்பிகளுக்கு நடுவே ஓர் உருக்குப் பட்டி, வழுக்காமல் பிடித்தபடி ஓடுகிறது. அந்தப் பிடிப்பைக் கொடுப்பதே உள்ளே இருக்கும் ஓயில்தான். சாதாரண ஓட்டோமெற்றிக் கியருக்குரிய ஓயிலை அதில் ஊற்றினால் பட்டி வழுக்கும், கப்பியில் கீறல் விழும். முதலில் வண்டி எடுக்கும்போது ஒரு நடுக்கம் தெரியும். போகப் போக முழுக் கியர்ப் பெட்டியையே மாற்ற வேண்டி வரும். 71,000 இல் முதல் சொந்தக்காரர் சி.வி.ரி. ஓயிலை மாற்றினாரா என்பதற்கு உங்களிடம் பில் இல்லையென்றால், அந்த ஒரு வேலையை மட்டும் ஏஜென்டின் சேர்விஸ் நிலையத்திலோ சி.வி.ரி. வேலை செய்து பழகிய கராஜிலோ கொடுங்கள். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் அங்கீகாரம் பெற்ற நிலையம் எங்கே இருக்கிறது என்று ஏஜென்டின் தலைமை அலுவலகத்துக்கே கோல் எடுத்துக் கேளுங்கள். கடைப் பலகையில் கம்பனியின் சின்னம் தொங்குவதால் அது அங்கீகாரம் பெற்ற இடம் ஆகிவிடாது.

"பாதிக் காசு" என்ற கணக்கையும் ஒருக்கா பிரித்துப் பாருங்கள். ஏஜென்டின் பில்லில் 18 வீத வற் வரி இருக்கும், கம்பனியின் சொந்தப் பார்ட்ஸ் இருக்கும். கராஜ் பில்லில் வற் இருக்காது, ஆனால் பில்டர் எந்தக் கம்பனியுடையது என்ற விபரமும் இருக்காது. இரண்டு இடத்திலும் ஒரே பார்ட்ஸைப் போட்டால் எவ்வளவு வரும் என்று கேட்டு ஒப்பிடுங்கள். வித்தியாசம் அப்போதும் இருக்கும், ஆனால் பாதியாக இருப்பது அரிது.

பெரிய இடம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு விடலாம் என்று நானும் ஒரு காலத்தில் நம்பினேன். எங்கள் கார் நிற்பது முற்றத்து வேப்ப மரத்தடியில். ஒரு முறை அங்கீகாரம் பெற்ற நிலையம் ஒன்றில் முழுச் சேர்விஸ் செய்து, ஏசி பில்டர் புதிது என்று காசும் கட்டி வந்தேன். இரண்டு நாள் கழித்து, ஏசியில் அதே புழுங்கல் மணம். முன் இடது பக்க டிராயரைக் கழற்றி பில்டரை வெளியே இழுத்தேன். மடிப்புக்கு மடிப்பு காய்ந்த வேப்பம்பூ, நடுவில் ஒரு தும்பியின் சிறகு. அப்படியே பையில் போட்டு, பில்லோடு கொண்டு போய் மேசையில் வைத்தேன். மறுபேச்சில்லாமல் புதிது போட்டுத் தந்தார்கள், மன்னிப்பும் கேட்டார்கள். ஆனால் அந்தப் பூ விழுந்திராவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது. அதேபோல ஊர்க் கராஜ் ஒன்றில் ஓயில் வடிக்கும் நட்டை அளவுக்கு மீறி இறுக்கி, கீழ்த் தட்டின் மரை கழன்று, வீட்டு வாசலில் சொட்டுச் சொட்டாக ஓயில் வடிந்ததையும் பார்த்திருக்கிறேன். அந்த நட்டுக்கு ஒரு சின்ன வொஷர் இருக்கிறது, ஒவ்வொரு முறையும் புதிது போட வேண்டும். புதிது போட்டால் அவ்வளவு இறுக்கத் தேவையே இல்லை. புதுக் கராஜுக்குப் போனால் நான் முதலில் கேட்பது "வொஷர் இருக்கா?" என்றுதான். உடனே எடுத்துக் காட்டுகிறவரிடம் மற்ற வேலையையும் நம்பிக் கொடுக்கலாம்.

கல்முனையில் அந்த இடத்தைப் பிடித்திருந்தால் மாறிக் கொண்டிருக்காதீர்கள். கல்லடியில் இருந்து பொத்துவில் வரை கடற்காற்று உப்பைக் கொண்டு வந்து அடியில் பூசுகிறது. பிரேக்கை இறுக்கும் கலிப்பர் அசைகிற கம்பிகள் துருப்பிடித்து இறுகுவது இங்கே அடிக்கடி நடக்கிற காரியம். இதையே நாளாந்தம் பார்க்கிற ஊர் மெக்கானிக் பாஸுக்கு ரயரைக் கழற்றியதும் கண் முதலில் அங்கேதான் போகும். அட்டவணையை வைத்து டிக் போடுகிற இடத்தில் அந்தக் கண் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

கேள்வி: 2025 இல் வாகன இறக்குமதி திரும்பத் திறந்த பிறகு ஏஜென்டிடம் புதுக் கார் ஒன்று வாங்கினேன். இருப்பது அக்கரைப்பற்று. சேர்விஸ் நிலையம் தூரம். ஓயிலை மட்டும் இங்கே மாற்றினால் வொரன்டி போய்விடுமா? இலவச சேர்விஸ் என்றார்களே, அதற்கும் காசு கேட்கிறார்கள்.

பதில்: வொரன்டி முடியும் வரை தூரத்தைப் பாராமல் ஏஜென்டிடமே போங்கள். நாளைக்கு எஞ்சினில் ஏதாவது நடந்தால் முதலில் கேட்பது சேர்விஸ் புத்தகத்தைத்தான். அதில் ஒரு கட்டம் வெறுமையாக இருந்தால், பழுதுக்கும் ஓயிலுக்கும் சம்பந்தம் இல்லை என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும். அங்கே போக முடியாத நிலை வந்தால், வெளியில் ஓயில் மாற்றச் சம்மதம் என்று அவர்களிடம் இருந்து எழுத்தில் வாங்குங்கள். போனில் "பரவாயில்லை சேர்" என்று சொன்னது பிறகு ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது.

இலவசம் என்பது பெரும்பாலும் கூலிக்குத்தான். ஓயிலும் பில்டரும் உங்கள் கணக்கு. விற்கும்போது அதை வாய்விட்டுச் சொல்லாதது அவர்கள் பிழை. ஆனால் வொரன்டிப் புத்தகத்தில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து விட்டுக் கேளுங்கள்.

கேள்வி: ஓட்டமாவடியில் டொல்பின் வேன் வைத்து ஹயர் ஓடுகிறேன். ரைமிங் பெல்ட் மாற்றினோம் என்று கராஜில் காசு எடுத்தார்கள். மாற்றவில்லை என்று சந்தேகம். பில்லும் தரவில்லை. எங்கே போய்ச் சொல்வது?

பதில்: முதலில் வேறு ஒருவரிடம் கொடுத்துப் பெல்ட்டின் மூடியைத் திறந்து பாருங்கள், இன்றைக்கே. புதுப் பெல்ட்டில் எழுத்து அழியாமல் இருக்கும், முதுகில் வெடிப்பு இராது. இந்த டீசல் எஞ்சினில் ஏறத்தாழ 100,000 கிலோமீற்றருக்கு ஒரு முறை மாற்ற வேண்டிய சாமான் அது. ஓடும்போது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே போய்விடும், உள்ளே ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓடுகிறீர்கள்.

பழைய பெல்ட்தான் என்று தெரிந்தால் படம் எடுத்து வைத்துக் கொண்டு கராஜ்காரரிடம் நேரில் பேசுங்கள். பெரும்பாலும் அதோடு தீரும். தீராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு எடுங்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி, கூலிக்கு வேலை செய்கிறவர் கவனத்தோடும் தொழில் தெரிந்தும் செய்ய வேண்டும். போடும் பொருளும் அந்த வேலைக்கு உகந்ததாக இருக்க வேண்டும். முறைப்பாட்டை எழுத்தில், வேலை நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். பில் இல்லாதது உங்கள் பக்கத்தைப் பலவீனமாக்கும். பொருள் வாங்கியதற்குப் பற்றுச்சீட்டுக் கேட்டால் வியாபாரி கொடுத்தே ஆக வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆகவே இன்று போய், வேலை செய்த திகதி, மீற்றர் இலக்கம், பெல்ட்டின் விலை மூன்றையும் ஒரு துண்டில் எழுதிக் கையெழுத்து வைத்துத் தரச் சொல்லுங்கள். மறுத்தால், யார் முன்னால் மறுத்தார் என்பதைத் திகதியோடு உங்கள் கொப்பியில் குறித்துக் கொள்ளுங்கள். கழற்றுகிற பழைய பெல்ட்டை வீசி விடாமல் பத்திரமாக வைத்திருங்கள், முறைப்பாட்டுக்கு அதுவும் வேண்டும்.